நாலு வரிச் சந்தோஷம்

நல்லசேதியம்மா என்றால்தான் ஊரில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே கொஞ்சம் முழிப்பார். ஊரின் வாரப் பத்திரிகையில் ஐந்தாம் பக்கம் 'இந்த வாரச் சந்தோஷம்' என்று ஒரு பகுதி வருகிறதே, இருபத்திரண்டு வருடமாக அதை எழுதுவது அவள்தான். யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். குழந்தைக்குப் பல் முளைத்தது, தொலைந்த சைக்கிள் கிடைத்தது, எழுபது வயதில் ஒருத்தர் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டார், எதுவானாலும் சரி. ஆளுக்கு நாலு வரி. மந்திரியே கூப்பிட்டுச் சொன்னாலும் ஐந்தாவது வரி கிடையாது. சாவு, சண்டை, வியாதி மூன்றும் அந்தப் பகுதிக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. அதற்கெல்லாம் வேறு பக்கம் இருக்கிறது.

மாடி வீட்டின் கூடத்தில் ஒரு மேஜை, அதன்மேல் போன், கோடு போட்ட நோட்டு. அவ்வளவுதான் ஆபீஸ். போனில் பேசும்போது அவளைப் பார்க்க வேண்டுமே! தனக்கே பேரன் பிறந்த மாதிரி, "ஐயோ அப்படியா! எடை எவ்வளவு? யார் ஜாடை?" என்று குடைந்து குடைந்து கேட்பாள். அச்சில் வருவதெல்லாம் அப்புறம், சந்தோஷத்தைச் சொல்ல வருகிறவனுக்கு முதலில் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பாள். பிரிண்டிங் பிரஸ்காரர் ஒருவர் வருடம் தவறாமல், "சிகரெட்டை விட்டுட்டேம்மா, போட்டுடுங்க" என்பார். ஆறு தடவை போட்டிருக்கிறாள். இந்தத் தடவையாவது நிஜமா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவளுக்கென்றும் ஒரு செய்தி இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதி வைத்திருந்தாள். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

அவள் கணவர் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே அடியில் போயின. கையும் காலும் போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அவர் அவளை எப்போதும் "இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுவார். சாக்ஸ் காணவில்லை என்றால் இந்தாம்மா, மழை வந்தால் இந்தாம்மா, கோபத்துக்கும் இந்தாம்மா, கொஞ்சலுக்கும் அதுவேதான். "எதுக்கு இப்படி ஓயாம ஏலம் போடுறீங்க? நான் என்ன ஊரைவிட்டா ஓடிட்டேன்?" என்று எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறாள்! இப்போது ஏழு மாதமாக வீட்டில் அந்தக் குரல் இல்லை. அதை இன்னொரு முறை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. கேட்ட அன்றே தேதியைப் போட்டு அந்த நாலு வரியை அனுப்பிவிடுவதாக இருந்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "பேச்சு வரும்மா. ஆனா அவரைப் பிடிச்சு உலுக்காதீங்க. அவருக்கா ஏதாவது சொல்லணும்னு தோணணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படித் தோன்ற வைத்தது ஒரு தேன்சிட்டு. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கம்பியில் நாரும் பஞ்சும் கொண்டுவந்து கூடு கட்ட ஆரம்பித்தது. நல்லசேதியம்மா கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள், துணியை உள்ளேயே காயப்போட்டாள். பாதை தெரியாத ஊருக்கு பஸ் ஓட்டுகிற மாதிரி அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே கிடந்தார். ஒரு நாள் மத்தியானம், வெகுநேரம் காணாமல் போன பறவை திரும்பி வந்தபோது, "வந்துச்சு" என்றார். அவள் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அவர் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள். பிறகு "தண்ணி" வந்தது. "வேணாம்" வந்தது. பறவை முட்டையிட்டதையும் குஞ்சு பொரித்ததையும் வாரா வாரம் பத்திரிகையில் போட்டாள். மார்க்கெட்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "குஞ்சுங்க சௌக்கியமா?" என்று கேட்டார்கள்.

அந்த வீட்டில் ஒரு பூனையும் இருந்தது. எந்தப் பாத்திரத்தையும் மூடியைத் திறந்து சோதனை போடாமல் விடாது என்பதால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். குட்டியாக இருந்தபோது டிப்போவிலிருந்து அவர்தான் சட்டைப் பைக்குள் போட்டு எடுத்து வந்தார். மூன்று வேளை சோறு கிடைத்தும் அதற்கு வேட்டைப் புத்தி போகவில்லை. ஓணான், அணில், வெட்டுக்கிளி, எது கிடைத்தாலும் பிடிக்கும். பிடித்ததைத் தின்னவும் தின்னாது. கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். "இந்த வீட்டுக்கு வெறுங்கையோட வராதவன் இவன் ஒருத்தன்தான்" என்று அவர் அதைத் தட்டிக்கொடுப்பார். கூடு வந்த நாளிலிருந்து இன்ஸ்பெக்டருக்குச் சமையலறையில் சிறைவாசம். வெளித்தாழ்ப்பாள்.

பத்து நாள் விடுமுறை வந்தது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. கீழ் வீட்டுத் தம்பதி முப்பது வருடத்தில் முதல் முறையாகக் கடல் பார்க்கப் போனார்கள். அதற்கும் நாலு வரி போட்டாள். வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்திரிகையும் விடுமுறைக்குச் சேர்த்து இரட்டை இதழாக வருவதால் எல்லாவற்றையும் அன்று மாலைக்குள் முடிக்க வேண்டும். காலையிலிருந்து போன் ஓயவில்லை.

பதினொரு மணிக்கு ஒருவர் பேசினார். பதினொரு வருடம் கழித்துக் குழந்தை பிறந்திருக்கிறது, பெண் குழந்தை. சொல்லும்போதே அழுகிறார் மனிதர். இந்தப் பக்கம் சமையலறையில் இன்ஸ்பெக்டர் கதவைப் பிராண்டிக்கொண்டு ஒரே கத்தல். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. "ஒரு நிமிஷம் இருங்கப்பா" என்று சொல்லி எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். எப்போதும்போல மடியில் வந்து சுருண்டுகொள்ளும் என்று நினைத்தாள். அது மேஜைப் பக்கம் வரவில்லை. அவளும் கவனிக்கவில்லை.

"ம், சொல்லுங்க. எடை எவ்வளவு?"

அந்த மனிதர் எடையைச் சொன்னார், முடி எவ்வளவு சுருட்டை என்று சொன்னார். நடுவில் எங்கிருந்தோ, "இந்தாம்மா" என்று ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, தொண்டையில் ஏதோ அடைத்த குரல். கீழ் வீட்டுக்காரர் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். அவள் கொடுத்து வைத்தவள் என்று ஒரு பெருமூச்சும் விட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "இந்தாம்மா." மனிதர் இப்படிக் கூப்பிடுகிறாரே, போய் என்னவென்று கேட்டால்தான் என்ன என்று அந்தப் பெண்மீது கோபம்கூட வந்தது. "கண்ணு யார் மாதிரிப்பா?" என்று போனில் கேட்டாள்.

போனை வைத்த பிறகுதான் பூனை ஞாபகம் வந்தது. ஓடினாள். இன்ஸ்பெக்டர் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. கூட்டின் வாய் கிழிந்து தொங்கியது. உள்ளே இரண்டு குஞ்சுகள் கீச்கீச்சென்று வாயைப் பிளந்தன. தாயைக் காணோம். தரையில் இரண்டு மூன்று சின்னச் சிறகுகள். அவர் மார்புவரை போர்வையை இழுத்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

நல்லவேளை, தூங்குகிறார் என்று நினைத்தாள். தெரிந்தால் வந்த மூன்று வார்த்தையும் போய்விடும் என்று பயம் பிடித்துக்கொண்டது. சத்தம் போடாமல் சிறகைப் பொறுக்கினாள், பூனையைக் குளியலறையில் அடைத்தாள், கூட்டைக் கம்பியிலிருந்து அறுத்துச் செருப்பு டப்பாவில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். பத்திரிகை ஆபீசுக்குப் போன் செய்து, "கடைசியா ஒண்ணு எழுதிக்குங்க. தேன்சிட்டுக் குஞ்சுகள் சிறகு முளைத்து, தாயோடு நலமாகப் பறந்து சென்றன" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது. சிகரெட் விஷயத்தை விடுங்கள், அது பிரஸ்காரருடைய பொய்.

எழுதியதை எல்லாம் அனுப்புவதற்கு முன் கணவருக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். அந்த வாரம் அனுப்பிவிட்டு, மாலையில் கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். குழந்தை, கடல் பயணம், எல்லாம் படித்துக் கடைசியில் தேன்சிட்டையும் படித்தாள். குரலில் சந்தோஷத்தை வரவழைத்துக்கொண்டு, "பார்த்தீங்களா, நீங்க தூங்கும்போது குடும்பத்தோட கிளம்பிடுச்சு. அதுங்களுக்கும் லீவு போல" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து, மெதுவாக விரலைப் பிரித்தார். உள்ளங்கையில் தேன்சிட்டு கிடந்தது, விறைத்துப் போய்.

பூனை எப்போதும்போல அதை அவரிடம்தான் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறது. பல் அழுந்தாமல், உயிரோடு. ஒற்றைக் கையால் அதைப் பிடுங்கி, பூனைக்கு எட்டாமல் போர்வைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவள் வாங்கிப் பார்த்தாள். காயம் பெரிதாக இல்லை. அப்போதே யாராவது வாங்கிக் கூட்டில் விட்டிருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ.

"ஏங்க, காலையிலேருந்து கையிலேயேவா வச்சிருக்கீங்க? ஒரு குரல் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்றவள், யாரிடம் என்ன கேட்கிறோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் இரண்டு விரலைக் காட்டினார்.

"குஞ்சு ரெண்டா? இருக்குங்க, கூடத்துலதான் வச்சிருக்கேன்."

இல்லை என்று தலையசைத்தார். தன் வாயைத் தொட்டார், அவளைச் சுட்டினார், மறுபடியும் இரண்டு விரலைக் காட்டினார். அவளுக்குப் பிடிபடவில்லை. பார்வை எங்கெங்கோ அலைந்து கதவோரம் ஆணியில் போய் நின்றது. கீழ் வீட்டுச் சாவி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. கீழ் வீடு பூட்டி இரண்டு நாளாகிறது. கீழே கூப்பிட ஆள் ஏது?

"ஐயோ" என்று வாயில் அடித்துக்கொண்டாள். "என்னை இல்லைன்னு நினைச்சேங்க. யாரோ யாரையோ கூப்பிடுறாங்கன்னு நினைச்சேன். இன்னொரு தரம் கூப்பிடுங்க. ஒரே ஒரு தரம். வந்துட்டேன் பாருங்க, பக்கத்துலயே இருக்கேன் பாருங்க."

அவர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கம்பியில் கூடு இருந்த இடத்தில் கொஞ்சம் நார் ஒட்டியிருந்தது.

சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து ஊட்டிப் பார்த்தாள். குஞ்சுகள் மூன்றாம் நாள் அடங்கிவிட்டன. அன்றைக்குத்தான் இரட்டை இதழ் வந்தது. பால் வாங்கப் போன இடத்தில், "பறந்துடுச்சாமே! ரொம்ப சந்தோஷம்மா!" என்று ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். பத்திரிகை ஆசிரியரிடம், அது பொய், திருத்தம் போடுங்கள் என்று கேட்டாள். "லீவுல ஜனங்க சந்தோஷமா இருக்காங்க, இருந்துட்டுப் போகட்டுமேம்மா" என்றார் அவர். அவளே போட்ட சட்டம்தானே, சாவு உள்ளே வரக் கூடாது என்று. திரும்பி வந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரிந்தது. அவரோ ஒரே வாரத்தில் அதைப் பக்கத்தில் படுக்க விட்டார். தடவிக்கூடக் கொடுத்தார். அது செய்தது எப்போதும் செய்வதுதான். வராமல் போனவள் அவள்.

பயந்த மாதிரி பேச்சு போய்விடவில்லை. அடுத்த விடுமுறைக்குள் அவருக்கு நாற்பது வார்த்தை வந்தது. "உப்பு கம்மி" என்றார். "ஜன்னல்" என்றார். பூனையைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். அவளை மட்டும் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் தலைமாட்டில் வைத்திருந்த கரண்டியால் கட்டில் கம்பியில் தட்டுவார். கோபமா, அந்த வார்த்தை மட்டும் வரவில்லையா என்று அவள் கேட்டதில்லை. கேட்டு, கோபம் என்று அவர் தலையசைத்துவிட்டால் என்ன செய்வாள்? நோட்டு தீர்ந்து புது நோட்டு வாங்கியபோது கடைசிப் பக்கத்து நாலு வரியை அதில் எழுதவில்லை.

ஒரு நாள் பிரஸ்காரர் போன் செய்தார். ஏழாவது தடவை. "விட்டுட்டேம்மா, இந்தத் தடவை சத்தியமா விட்டுட்டேன். மூணு மாசம் ஆச்சு" என்று சிரித்தார். "அப்படியா! ரொம்ப..." என்று ஆரம்பித்தவள், உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டதும் போனைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

"வந்துட்டேங்க, வந்துட்டேன்."

அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கரண்டி கைதவறித் தரையில் விழுந்திருந்தது. அதை எடுத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடத்தில் மேஜையிலிருந்து தொங்கிய போனுக்குள் பிரஸ்காரர், "அம்மா, இருக்கீங்களா? அம்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.