ஆறாவது கட்டில்

கல்லூரியில் அவளை எல்லோரும் ரசீதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேனுக்கும் அவள் அக்காதான். சமுதாயக் கல்லூரிக்கு யார் எதைக் கொடுத்தாலும், மேசையோ நாற்காலியோ பழைய கம்ப்யூட்டரோ, அதை வாங்கி வைத்து, கொடுத்தவருக்கு ரசீதாக ஒரு நன்றிக் கடிதம் எழுதுவது அவள் வேலை. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், வேலை போனவர்கள், பிள்ளை பெற்று வளர்த்தபின் மறுபடி புத்தகத்தைத் தொட ஆசைப்பட்டவர்கள் என்று பலரும் வந்து சேரும் கல்லூரி அது. ஊரார் கொடுப்பதில்தான் அதன் பாதி உயிர் ஓடியது. ஊரார் கொடுப்பதும் ஒரு தினுசாகத்தான் இருக்கும். தையல் வகுப்புக்கு மெஷின் கேட்டால் எட்டு சுவர்க் கடிகாரங்கள் வந்து இறங்கும். எட்டும் எட்டு நேரம் காட்டும். அதற்கும் ரசீதக்கா மனதார நன்றி எழுதுவாள்.

"குடுக்கணும்னு தோணிச்சே, அந்த மனசுக்கு எழுதுறேன்" என்பாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

வீட்டில் அவளுக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. கணவர் லாரி ஓட்டியவர். நாலு வருஷத்துக்கு முன்னால் சரக்கின் மேலேறிக் கயிறு கட்டும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தார். அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே உடம்பு அவர் பேச்சைக் கேட்பதில்லை. வாய் மட்டும் பழைய வாய்தான். ஆறடி ஆள். அவளோ அவர் தோளுக்குக்கூட வரமாட்டாள். அவரைப் புரட்டவும் நிமிர்த்தவும் ஒற்றை ஆளாக என்ன செய்வாள்? எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காதில் கிடந்ததைக் கழற்றி விற்று, அங்கிருந்து ஓர் இரும்புக் கட்டிலை வாங்கி வந்தாள். கால்மாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும். அந்தக் கைப்பிடிதான் அவளுக்கு மூன்றாவது கை.

சாப்பாட்டு நேரத்தில் அவர், "ரெண்டு சுத்து தூக்கு" என்பார். தூக்கம் வந்தால், "ரெண்டு சுத்து இறக்கு." கோபம் வந்தால் ஒரேயடியாக, "மொத்தமா இறக்கு, நான் யார் மூஞ்சியையும் பாக்கல." வாசல்கதவு அவர் தலைக்குப் பின்னால் இருந்ததால் லாரியின் பக்கக் கண்ணாடி ஒன்றைக் கட்டிலில் கட்டச் சொன்னார். "பின்னாடி யாரு வர்றாங்கன்னு தெரியாம எப்படி வண்டி ஓட்டுறது?" என்று கேட்டார். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் தினமும் சாயங்காலம் அவள் வேலை முடிந்து உள்ளே வருவதை அவர் பார்ப்பார்.

மகள் அதே கல்லூரியில் மாலை நேரத்துச் செவிலியர் உதவியாளர் வகுப்பில் படித்தாள். இன்னும் இரண்டே மாதம்தான். சான்றிதழோடு வந்தால் வேலை தருவதாக ஓர் ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருந்தார்கள். ரசீதக்காவின் இடுப்பு ஏற்கெனவே பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. சில காலைகளில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பாள். அவள் விழுந்தால் அந்த வீட்டைத் தாங்க மகளின் சான்றிதழைத் தவிர வேறொன்றும் இல்லை. அது அவளுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும், கட்டிலில் கிடந்தவருக்கும் தெரியும்.

அந்த வகுப்பு நடத்த ஆறு கட்டில்கள் வேண்டும் என்பது சட்டம். கல்லூரியில் இருந்தது ஐந்து. நன்கொடையாளர் விழாவில் இரும்புக்கடை முதலாளி மைக்கைப் பிடித்து, "ஆறாவது என்னோடது!" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மேடையிலேயே எல்லோருக்கும் நன்றிக் கடிதம் கொடுக்க ஏற்பாடு. ரசீதக்காவிடம் இரண்டு விதத் தாள் உண்டு. பொருள் வந்து சேர்ந்திருந்தால் பொன்னிறக் கரை போட்ட தாள். அதில், "தங்கள் அன்பளிப்பை நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்" என்று எழுதுவாள். தருகிறேன் என்று சொன்னவருக்கு வெறும் வெள்ளைத் தாள். அன்று மேடையில் நின்ற அத்தனை பேர் கையிலும் பொன்கரை மின்னியது. அந்தப் பெரியவர் கையில் மட்டும் மொட்டை வெள்ளைத் தாளா? அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வாரத்தில் வந்துவிடப்போகிற கட்டில்தானே என்று பொன்கரையிலேயே எழுதிவிட்டாள்.

நன்றி சொல்வதில் ஒரு வாரம் முந்திக்கொண்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஒரு வாரம் நாலு மாதமாயிற்று. கட்டில் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் முதல்வரம்மா அவளைக் கூப்பிட்டுத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"வியாழக்கிழமை ஆய்வுக்கு வராங்க அக்கா. ஆறு கட்டில் வந்தாச்சுன்னு உங்க கடிதத்தை வெச்சுத்தான் நான் எழுதிக் குடுத்தேன். இப்ப அஞ்சுதான் இருக்குன்னா அன்னிக்கே வகுப்பை மூடிட்டுப் போயிடுவாங்க. இருபத்திமூணு பொண்ணுங்க. எல்லாத்தையும் விட்டுட்டு வந்து படிக்கிறாங்க."

"நான் போய்ப் பேசிட்டு வரேம்மா" என்றாள்.

இரும்புக்கடையில் முதலாளியின் தலைக்கு மேலே அவள் கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அவளை உட்காரவைத்து டீ வரவழைத்தார். நல்ல மனுஷர்தான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கட்டில் வந்துதானேம்மா இந்தக் கடிதம் வந்துச்சு?"

"இல்லீங்க ஐயா. கடிதம் முன்னாடி வந்துடுச்சு. கட்டில்தான் வரல."

"குடோன்ல அன்னிக்கே சொல்லிட்டேன். அனுப்பியாச்சுன்னு சொன்னாங்க. நீங்களும் வந்துடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. சரி, இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"படிம்மா, என்ன போட்டிருக்கு?"

அவள் எழுந்து நின்று படித்தாள். பெற்றுக்கொண்டோம் என்ற இடத்தையும் விடாமல் படித்தாள்.

"அப்ப பொய் சொல்றது கடிதமா, நீயா?" அவர் சத்தம் போடவில்லை. நிஜமாகவே மனம் நொந்துபோய்க் கேட்டார். "ஒரு தரம் குடுத்ததையே ரெண்டாந்தரம் கேக்கறியேம்மா. போற வர்றவங்க கிட்டல்லாம் இதைக் காட்டிச் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருக்கேன் நான்."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். குடோன்காரனைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து, போன சரக்கு போனதுதான் என்று அடித்துச் சொன்னான். கண்ணாடிக்குள் அவளுடைய முத்து முத்தான எழுத்து அவனுக்கே சாட்சி சொன்னது. டீயைக் குடிக்காமலேயே வெளியே வந்தாள்.

அன்று மத்தியானமும் மறுநாள் முழுவதும் ஊரில் அவள் ஏறி இறங்காத படியில்லை. ஆஸ்பத்திரிகளில் கட்டில் காலியில்லை என்றார்கள். முதியோர் இல்லத்தில், "யாராச்சும் போனா சொல்றோம்" என்றார்கள், மெதுவான குரலில். ஒரு வீட்டில் பரிதாபப்பட்டு, உடைந்த சக்கர நாற்காலி ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்கள். அதற்கும் ஒரு கும்பிடு போட்டு நன்றி சொன்னாள். புதுக்கட்டில் விலையைக் கேட்டவள், கடைக்காரன் சொல்லி முடிக்கும் முன்பே படி இறங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் நின்றபோதுதான் இந்த இரண்டு நாளும் தான் எதை நினைக்காமலிருக்க இப்படி அலைந்தோம் என்று அவளுக்குப் புரிந்தது. கட்டிலின் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"ஏன் அங்கேயே நிக்கற? உள்ள வா."

உள்ளே வந்தாள். ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடைசி வாக்கியத்தை மட்டும் சொல்ல முடியவில்லை. சமையல் மூலையிலிருந்த மகள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"வேணாம்மா. நம்ம கட்டிலை அங்க அனுப்பிட்டு அப்பாவைத் தரையில போடறதுக்கு நான் படிக்கவே வேணாம். தரையில படுக்க வெச்சா முதுகுல என்ன ஆகும், நெஞ்சுல சளி எப்படிக் கட்டும்னு எனக்குப் பாடமே இருக்கு. பரீட்சையில அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவ நான்."

"ரெண்டே நாள்டி. நாளைக்குப் போயிட்டு நாளன்னிக்கு சாயங்காலம் திரும்பி வந்துடும்."

"அவர் உடம்பும்மா அது!"

"எனக்குத் தெரியாதா? நாலு வருஷமா யாருடி கழுவி எடுக்கறது?" கத்திவிட்டு அவளே அழுதாள். "எழுதினவ நான். இருபத்திமூணு பேர் தலையில மண்ணைப் போட்டுட்டு நான் எப்படி அந்தக் கேட்டுக்குள்ள போவேன்?"

ஊரையே வாயால் ஓட்டியெடுக்கும் மனுஷர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"ரெண்டு சுத்து இறக்கு" என்றார் கடைசியில்.

இறக்கினாள்.

"இன்னும் இறக்கு. மொத்தமா. தரை எப்படி இருக்கும்னு பழகிக்கிறேன்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார், "வண்டி எத்தனை மணிக்கு வருது?"

புதன்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிக் கீழே விரித்த மெத்தையில் போட்டார்கள். கட்டில் சின்ன லோடு வண்டியில் ஏறியது. கண்ணாடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாள். அன்று மத்தியானமே சாப்பாடு இரண்டு முறை புரையேறி அவர் கண் செருகியது. வீட்டிலிருந்த தலையணைகளையெல்லாம் முதுகுக்குப் பின்னால் அடுக்கிப் பார்த்தார்கள். எல்லாம் நழுவிக்கொண்டு போயின.

கல்லூரியில் முதல்வரம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். சுவரிலிருக்கும் நன்கொடையாளர் பலகையில் ஆறாவது கட்டிலுக்கு நேரே இரும்புக்கடை முதலாளியின் பெயர்தான் இருக்கிறது. மற்ற ஐந்து கட்டில்களிலும் கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கிறது. இதில் மட்டும் எழுதாவிட்டால் கேள்வி வரும். பெயின்டரும் வந்து நின்றுகொண்டிருந்தார். நாலு வருஷமாகக் கணவரின் தலை உரசி உரசிப் பெயின்ட் போன இடத்தில் 'அன்பளிப்பு' என்று தொடங்கி இன்னொருவர் பெயர் ஏறியது. ரசீதக்கா பக்கத்தில் நின்று, எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டாள். அதுவும் அவள் வேலைதானே.

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். எண்ணினார்கள். ஒவ்வொரு கட்டிலின் கைப்பிடியையும் சுற்றிப் பார்த்தார்கள். ஆறாவதைச் சுற்றிய அம்மாள், "இருக்கறதுலேயே இதுதான் நல்லா எழும்புது. நல்லாப் பராமரிக்கறீங்க" என்று பாராட்டினார். மாணவிகள் வரிசையில் நின்ற மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்புக்கு அங்கீகாரம் உண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ரசீதக்காவுக்கு மூச்சு வந்தது. கேட்டுக்கு வெளியே லோடு வண்டிக்காரர் ஹாரன் அடிப்பது காதில் விழுந்தது.

அப்போது அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு சுருள் ஸ்டிக்கரை எடுத்தார். ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு கட்டிலாக ஒட்டிக்கொண்டே வந்து, ஆறாவதில் ஆறு என்று ஒட்டிக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார்.

"இனிமே மூணு வருஷத்துக்கு இதெல்லாம் இந்த ரூமை விட்டு நகரக்கூடாது. சொல்லாம கொள்ளாம வந்து பாப்போம். ஒண்ணு குறைஞ்சாலும் வகுப்பு ரத்து."

முதல்வரம்மா ரசீதக்காவைப் பார்த்தார். ரசீதக்கா ஸ்டிக்கரைப் பார்த்தாள். பிறகு கேட்டுக்குப் போய், "வேணாங்க, நீங்க போங்க" என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். முதல்வரம்மா பின்னாலேயே ஓடிவந்து, வேறொரு நன்கொடையாளர் கிடைத்ததும் முதல் கட்டில் உங்கள் வீட்டுக்குத்தான் என்றார். அவள் தலையை ஆட்டினாள். நன்கொடையாளர்கள் கிடைப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டில் அவர் தரையில் கிடந்தார். வாசலில் அவள் நின்றது அவருக்குத் தெரியவில்லை. செருப்புச் சத்தம் கேட்டுத்தான், "வந்துட்டியா?" என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. தலைமாட்டில் எழுதிய பெயரையும் சொன்னாள்.



"எனக்கு ரசீது?" என்றார்.

"ஆறாவது கட்டிலுக்கு ரசீது போயிடுச்சுங்க. ஒரு கட்டிலுக்கு ஒண்ணுதான். நானே எழுதிக் குடுத்துட்டேன்."

"பொன்கரையிலயா?"

"ஆமாங்க."

"உனக்கு நல்ல கையெழுத்து" என்றார். கிண்டலா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. அவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. மகள் அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்து உட்காரவைத்தாள். பிடியை விட்டால் சரிந்தார். ரசீதக்கா எழுந்துபோய் அவர் பின்னால் தரையில் உட்கார்ந்து, தன் முதுகை அவர் முதுகோடு ஒட்டிக் கொடுத்தாள். அவர் பாரம் முழுவதும் அவள்மேல் இறங்கியது. இடுப்பில் சுரீர் என்றது. அசையவில்லை. அவருக்குப் புரையேறினால் தனக்கும் தெரிய வேண்டுமே என்று லாரிக் கண்ணாடியை அவர் முகம் தெரியும்படி பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துக்கொண்டாள். மகள் எதிரில் உட்கார்ந்து ஊட்டினாள். முதல் வாய் ஒழுங்காக இறங்கியது.

"இன்னும் ரெண்டு சுத்து தூக்கு" என்றார் அவர்.

அவள் குதிகால்களைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தினாள்.

"போதுங்களா?"

கண்ணாடியில் பார்த்தாள். வாய் மென்றுகொண்டிருந்தது. கண்ணிலிருந்து வழிந்தது தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மகள் தட்டில் குனிந்து அடுத்த வாயைப் பிசைந்துகொண்டிருந்தாள். கண்ணீரைத் துடைக்க அவருக்குக் கை வராது. துடைக்க இவள் திரும்பினால் அவர் விழுந்துவிடுவார். கண்ணாடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.