அழாத ஆட்களுக்கு ஒரு மெட்டு

வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு வீரகத்தியர் முதலில் கேட்பது, செத்தவர் எப்படி நடப்பார் என்பதைத்தான். பெயரும் வயதும் பிறகு. அந்த நடையில் தாளம் பிடித்து ஆர்மோனியத்தில் மெட்டுக் கட்டுவார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் படிக்கிற இரங்கற்பாவைக் கல்வெட்டு என்பார்கள். உருத்திரபுரத்தில் அதற்குப் பாட்டெழுத நாலு பேர் இருக்கிறார்கள்; நானும் ஒருவன். மெட்டுக்கு இவர் ஒருவர்தான்.

ஒரு வீட்டு மெட்டை இன்னொரு வீட்டில் பாடமாட்டார். "ஒரு வீட்டுச் சாவை மற்ற வீட்டுக்குத் தூக்கிக் காவக்கூடாது தம்பி" என்பார். இந்தப் பிடிவாதத்திலேயே மனுஷன் களைத்துப்போனார். சண்டை ஓய்ந்து ஒரு வருடமாகியும், தள்ளிப்போட்ட அந்தியேட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறார். பார்க்க எனக்கே பாவமாக இருக்கிறது.

கொழும்பில் சிறந்த இசையாக்கத்துக்குத் தேசிய விருது ஒன்று கொடுக்கிறார்கள். சண்டையில் மூடிக்கிடந்த பாதை திறந்ததால் விண்ணப்பம் இம்முறை எங்கள் வன்னிக்கும் வந்தது. சங்கீத ரீச்சர் சுகந்தினி கொண்டுவந்து கொடுத்தார். வீரகத்தியருக்கு ஆசை பிடித்துவிட்டது; அதை அவர் மறைக்கவுமில்லை. "என்ரை மெட்டை ஒருக்காலெண்டாலும் அழாத ஆக்கள் கேக்கவேணும்" என்றார்.

ஒரு நிபந்தனைதான் இடித்தது. ஆக்கம் அதுவரை எங்கும் பாடப்படாததாக இருக்கவேண்டும். அப்படி அவரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. தொண்ணூற்றாறு இடப்பெயர்வில் காணாமற்போன மகன் கதிர்காமநாதனுக்குக் கட்டியது. ஓமந்தைப் பாதை திறந்தும் அவன் வராதபோது இவருக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. மனைவி வடிவம்மாவோ இன்றைக்கும் மகன் வருவான் என்றிருப்பவர். மெட்டுக் கட்டியது அவருக்குத் தெரியாது. வீரகத்தியர் என்னிடம் மட்டும் சொன்னார். வடிவம்மா படித்துவிடக்கூடாதென்று பெயரையும் ஊரையும் மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை, வடிவம்மா சங்கக்கடைக்குச் சாமான் வாங்கப் போன நேரம் பார்த்து, சுகந்தினியை வரச்சொல்லி விருதுக்கான ஒலிப்பதிவை வைத்தார். துள்ளித் துள்ளி நடக்கிற மெட்டு. கல்வெட்டு என்றே சொல்லமுடியாது. முடியுமுன்னே வடிவம்மா பையோடு வாசலில் நின்றார். சங்கக்கடை பூட்டாம்.

"இது ஆற்றை வீட்டுக்கு? ஆர் செத்தது?" என்று கேட்டார்.

விஷயம் தெரியாத சுகந்தினி, எந்த வீட்டிலும் பாடாதது என்று சொல்ல வாயெடுத்தார். வீரகத்தியர் முந்திக்கொண்டார்.

"வட்டக்கச்சியிலை ஒரு வீட்டிலை பாடினது. நான் மறந்துபோனன் பிள்ளை. இது விருதுக்குச் சரிவராது."

"பாவம், ஆர் பெத்த பிள்ளையோ" என்றபடி வடிவம்மா அடுப்பு மூட்டக் குசினிக்குள் போனார்.

வீரகத்தியர் விண்ணப்பத்தை எடுத்து, இரண்டு கையாலும் ரீச்சரிடம் நீட்டினார்.