இரவல் காற்சட்டையில் பாராளுமன்றம்

அரிசி ஆலை வேலையை விட்டுவிட்டு ஏ-ஒன்பது வீதியில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். முதலாளியோடு சண்டை எதுவும் இல்லை. ஓரிடத்தில் சில மாதம் நின்றால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கும், அவ்வளவுதான். வவுனியாவில் ஏதாவது அகப்படும் என்று நினைத்தேன்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் எல்லா வாகனங்களும் நிற்கும். அன்று ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்ஸும் நின்றது. சாரதி தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ரீச்சர் தொலைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தா. சமைக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லையாம். என் பையையும் வெயிலில் கறுத்த முகத்தையும் பார்த்தா.

"அண்ணை, சமைக்கத் தெரியுமோ?"

"சோறு வடிப்பன், பருப்பு வைப்பன். பிள்ளையள் சாப்பிடுமோ தெரியாது."

"பசிச்சால் சாப்பிடும். ஏறுங்கோ."

சோறு வடிக்கும் பெரிய கிடாரத்துக்கும் விறகுக்கும் நடுவே இருந்து கொழும்புக்குப் போனேன். பிள்ளைகளுடையது கிளிநொச்சிக்கு உள்ளே, குளத்துக்கு அப்பால் உள்ள சிறிய பள்ளிக்கூடம். பிள்ளைகளில் பலர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவ்வளவு தூரம் அனுப்பத் தாய்தகப்பன்மார் பயந்தார்களாம். ரீச்சர் வீடு வீடாகப் போய், "ஒருத்தரையும் விடாமல் பாராளுமன்றத்தைக் காட்டிக் கூட்டிக்கொண்டு வருவன்" என்று வாக்குக் கொடுத்திருந்தா.

மறுநாள் பாராளுமன்ற வாசலில் அந்த வாக்கு ஆட்டம் கண்டது. பிள்ளைகளை இரண்டு கூட்டமாகத்தான் உள்ளே விடுவார்கள். ஒவ்வொன்றோடும் பெரியவர் ஒருவர் போகவேண்டும். ரீச்சரோடு கூட வந்த ஆசிரியர், பிள்ளைகள் சேர் என்று கூப்பிடுபவர், வழியெல்லாம் வாந்தி எடுத்து, பஸ்ஸில் எழும்ப முடியாமல் கிடந்தார். சாரதி பஸ்ஸை விட்டு வரக்கூடாது. இரண்டாம் கூட்டம் மதிலோரம் நின்று ரீச்சரின் முகத்தையே பார்த்தது.

ரீச்சர் சிங்களத்தில் அதிகாரியோடு நெடுநேரம் கதைத்தா. அவர் என் அடையாள அட்டையை வாங்கி, எங்கோ தொலைபேசியில் கேட்டு, தலையாட்டினார். பிறகு நான் இடுப்பில் கட்டியிருந்த கட்டம் போட்ட சாரத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

சாரதி என்னைப் பஸ்ஸுக்குள் இழுத்துக்கொண்டு போனார். "இந்தா, என்ர காற்சட்டை. சப்பாத்தையும் போடு. கிழிச்சியெண்டால், தம்பி, உன்னைக் கிழிச்சுப்போடுவன்."

அவருடைய இடுப்பில் என்னைப்போல் இரண்டு பேர் நிற்கலாம். விறகு கட்டி வந்த கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அவர் என் சாரத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்ரியரிங்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"அண்ணை, மூச்சு விடாதேங்கோ, கழண்டிடும்" என்றாள் இரட்டைப் பின்னல்காரி ஒருத்தி.

இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் என் படிப்பு ஆறாம் ஆண்டோடு நின்றுபோனது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முன்னால் நடந்தது அன்றுதான் முதற்தடவை. உள்ளே சத்தம் போடக்கூடாது என்று எச்சரித்துத்தான் விட்டார்கள். கம்பளம் விரித்த பெரிய கதவு வந்தது. நான் என்னை அறியாமல் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். நிமிர்ந்து பார்த்தால், பின்னால் வந்த அத்தனை பிள்ளைகளும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள்.

காவலர் ஒருவர் ஓடி வந்தார். "போடுங்க, போடுங்க. இங்க சாமி இல்ல."

"சாமி இல்லாட்டி ஏன் சத்தம் போடக்கூடாதாம்?" இரட்டைப் பின்னல்காரிதான்.

காவலருக்கு அது விளங்கியிருக்க வேண்டும், சிரித்துவிட்டார். ஆனால் எல்லாம் ஒரேமாதிரிக் கறுப்புச் சப்பாத்து. யாருடையது எது என்று இழுபறி. எங்களுக்குத் தந்த நேரம் போய்க்கொண்டிருந்தது. "காலுக்கு ஏறினதைப் போடுங்கோ, வெளியில வந்து மாத்துவம்" என்றேன். நொண்டி நொண்டிப் பார்வையாளர் மேல்மாடத்துக்கு ஏறினோம்.

கீழே இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கதிரைகள். பல வெறுமை.

"மற்றவை ஏன் வரேல்லை? லீவுக் கடிதம் குடுத்தவையோ?" என்று அவள் என் காதுக்குள் கேட்டாள். 

அப்போது ஒருவர் எழுந்து தமிழில் பேசத் தொடங்கினார். வயலுக்குள் வரும் யானைகளைப் பற்றியும், பாதியில் நிற்கும் மின்வேலியைப் பற்றியும். பிள்ளைகள் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள்.

"எங்கட யானை!" என்றாள் அவள். சத்தமாகவே வந்துவிட்டது. யாரும் அதட்டவில்லை.

வெளியே வந்ததும் ரீச்சர் பிள்ளைகளை எண்ணவில்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தா. "எல்லாரும் பாத்தாச்சோ?" "ஓம் ரீச்சர்!" என்ற சத்தத்தில் பஸ்ஸில் கிடந்த சேரும் எழும்பிவிட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் இறங்கினோம். காத்திருந்த தாய்மாருக்கு இரண்டாம் கூட்டம்தான் முதலில் யானைக் கதை சொன்னது. தாங்களும் ஒரு சபை நடத்தப்போகிறார்களாம். முதல் விவாதம் மின்வேலி. எதிரெதிராக உட்கார நீள வாங்குகள் வேண்டும். இருந்தவையெல்லாம் கால் உடைந்து மண்டபத்துக்குப் பின்னால் குவிந்து கிடந்தன.

நான் பையைத் தோளில் போட்டிருந்தேன். வவுனியா பஸ் வரும் நேரம்.

"அண்ணை, ஆணி அடிக்கத் தெரியுமோ?" என்றா ரீச்சர்.

"அடிப்பன். நேராப் போகுமோ தெரியாது."

"மேல இருந்து பாக்கிறவைக்கும் ஒரு வாங்கு வேணும்" என்று இரட்டைப் பின்னல்காரி கத்தினாள்.

சுத்தியல் தேடிப் பள்ளிக்கூட அதிபரின் அறைக்குப் போனேன்.