மரியாளுக்கு அடித்த தப்பு

1. நடுப்பாதையில் நின்ற பெட்டி

பெட்டி நடுப்பாதையில் நின்றது. சுமந்தவர்கள் இறக்கவுமில்லை, நடக்கவுமில்லை. இருபுறமும் தேயிலை, மேலே தூறல், முன்னால் கையை உயர்த்தியபடி பாதிரி ஐயர்.

நான் அப்போது பதுளை நகரத்துச் சபையில் சம்பளம் வாங்கிய உபதேசியார். தெமோதரைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டம் என் பொறுப்பு. ஜெபம், வேதபாடம், வீடு சந்திப்பு என் வேலை. நற்கருணையும் அடக்க ஆராதனையும் ஐயருக்கு உரியவை. நான் தொடக் கூடாது.

பெட்டிக்குள் மரியாள், கொழுந்து பறித்தவள். அவள் புருசன் யாக்கோபு எங்கள் சபைக்காரர். இந்து வீடோ கிறிஸ்தவ வீடோ, தோட்டத்தில் எந்தச் சாவுக்கும் தப்பு மேளம் அடிப்பவர். அன்று அவர் பெட்டிக்குப் பின்னால் வெறுங்கையோடு நடந்தார். கூட்டாளி முனியாண்டி தப்பை அடித்துக்கொண்டு முன்னே போனார்.

“மேளத்த நிறுத்துங்க. அது மாரியம்மன் மேளம். விசுவாசியோட அடக்கத்துல அதுக்கு எடமில்ல. நிறுத்தாட்டி நான் பஸ் ஏறிப் போறேன்” என்றார் ஐயர்.

யாக்கோபு தோள் துண்டை உதறினார்.

“ஐயா, அந்தக் காலத்துல வெள்ளக்காரத் தொர இந்தத் தப்ப அடிச்சுத்தான் நம்ம சனத்த பெரட்டுக்குக் கூப்பிட்டான். வேலைக்குக் கூப்பிடையில இல்லாத பாவம், எம் பொண்டாட்டிய அனுப்பையில எங்கருந்து வந்துச்சு?”

அடுத்த காம்பரா வீட்டுப் பார்வதி விடவில்லை. “ஐயருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு போல. போகட்டும் விடுங்கண்ணே. நம்ம மரியாக்காவுக்குத்தான் இனி எந்த பஸ்ஸும் புடிக்க வேண்டியதில்லையே.”

அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். ஐயர் இறங்கிப் போனார்.

எல்லாக் கண்களும் என் மேல். ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன்.

“அடிங்க முனியாண்டி.”

மலை முழுக்க அதிர்ந்தது. மரியாளை நானே மண்ணில் வைத்தேன்.

2. பதுளை அறை

சபைச் செயலாளர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

“ஒரு மன்னிப்பு கேட்டுருங்க தம்பி, முடிஞ்சு போகும்.”

“எதுக்குங்க? பொணத்த ரோட்டுல போடாததுக்கா?”

“அந்த யாக்கோபு நற்கருணைக்கு வந்தா இனி பின் வாங்குப் பலகையிலேயே உக்காரட்டும். டவுன் ஆளுங்க சங்கடப்படுறாங்க. சபைக்குன்னு ஒரு மரியாத வேணாமா?”

அவர் முகம் சுளித்தபோது எனக்கு விளங்கியது. அந்த அருவருப்பு தப்பின் மாட்டுத் தோலோடு நிற்கவில்லை, அதைத் தொட்ட கைவரை வந்திருந்தது. வேலையையும் சபை கொடுத்த வீட்டையும் விட்டேன். அடுத்த ஞாயிறு தோட்டத்துச் சிற்றாலயத்தில் புதுப் பூட்டு தொங்கியது. பூட்டைப் பார்த்த சனம் கலையவில்லை. என்னோடு திரும்பி நடந்தது.

3. பிள்ளைக்காம்பரா

கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா ஞாயிறுகளில் சும்மா கிடக்கும். தொட்டில் கயிறுகளை மேலே சுருட்டிக் கட்டிவிட்டுப் பாய் விரித்தோம். எங்களுக்கு ஆலய மணி கிடையாது. வாசலில் நெருப்பு மூட்டித் தப்பின் தோலைக் காயவைத்தபடி யாக்கோபு கேட்டார்:

“அடிக்கட்டுங்களா உபதேசியாரே?”

“பதுளைக்குக் கேக்கணும், அடிங்க.”

இன்றும் அங்கேதான் கூடுகிறோம். வார நாட்களில் நான் பண்டாரவளையில் மரக்கறி லொறிக்குக் கணக்குப் பார்க்கிறேன். கை நிறையச் சம்பளம் இல்லை, முதுகு நிமிர்ந்திருக்கிறது.

ஊழியத்துக்கு வரும் தம்பி தங்கைகளே, சபை உடைந்தால் உபதேசத்தில் பிழை என்று உங்களுக்குப் படிப்பிப்பார்கள். எங்களிடம் இருப்பது அதே வேதம், அதே பாட்டுப் புத்தகம், அதே விசுவாசப் பிரமாணம். ஒரு வார்த்தை மாற்றவில்லை. ஒரே அப்பத்தைப் பிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார மறுத்தவர்கள்தான் முதலில் பிரிந்தவர்கள். நாங்கள் வெளியே வந்தது அதற்குப் பிறகு.

பூட்டைத் திறந்தால் திரும்பி வருவீர்களா என்று சபையார் இப்போது ஆள் விட்டுக் கேட்கிறார்கள். வருகிறோம். முதலில் யாக்கோபு நுழைவார், தப்போடு. முன் வாங்கைத் துடைத்து வையுங்கள்.