வரிசையில் விட்ட இடம்

நம் மேட்டுக்காட்டுத் தேக்கு வரிசையில், வாய்க்காலை ஒட்டின பக்கம் மரமே இல்லாமல் கொஞ்சம் இடம் கிடக்கிறதே, நீங்கள் ரெண்டு பேரும் பந்து விளையாடுகிற இடம். "இங்க மட்டும் ஏம்ப்பா மரம் வைக்கல?" என்று போன வாரம் சின்னவள் கேட்டாள். பெரியப்பாவைக் கேள் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போய்விட்டார். அதனால் நானே எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நமக்கு வெற்றிலைதான் தொழில். வெற்றிலைக்கு விதை போடுவது கிடையாது. நல்ல கொடியில் துண்டு வெட்டி நட்டால் தாய்க்கொடி மாதிரியே வரும். தேக்கு அப்படி இல்லை. விதையில் வந்த தேக்கு ஒன்று நெட்டுக்கு நேராகப் போகும், பக்கத்தில் இருப்பது கோணிக்கொண்டு நிற்கும். நட்டவன் பிள்ளைக்குக் கல்யாண வயசு வரும்போதுதான் எது உத்தரத்துக்கு ஆகும், எது அடுப்புக்கு ஆகும் என்று தெரியும்.

நீங்கள் பிறக்காத காலம் அது. மதுரையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். டாக்டரம்மா என்போம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மரத்தைப் படித்த டாக்டர். நேராக வளர்ந்த நல்ல தேக்கு ஒன்றின் குருத்தைப் பயறு அளவுக்கு வெட்டி, குப்பிக்குள் வளர்த்து, அந்த ஒரு மரத்திலிருந்தே எத்தனையோ கன்று எடுப்பது அவர் வேலை. டிஷ்யூ கல்ச்சர் என்பார்கள். அந்தக் கன்றுகளை நம் காட்டில் நட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

உங்கள் பெரியப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "இதுக்காம்மா இம்புட்டுப் படிச்சீக? நாங்க கத்தியால செய்யிறதை நீங்க கண்ணாடிக் குப்பியில செய்யிறீக. அம்புட்டுத்தானே?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ஆமாண்ணே. ஆனா உங்க வெத்தலை சொன்ன பேச்சு கேக்கும். தேக்கு கேக்காது. ஒரு கிளையை வெட்டி நட்டுப் பாருங்க, வேர் விடுதான்னு."

பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார். சம்மதம் என்று அர்த்தம்.

கன்று எடுத்துவர நான்தான் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நாமும் கொடிக்காலுக்குள் செருப்போடு போவதில்லையே, அதனால் எனக்கு அந்த இடம் உடனே பிடித்துப்போனது. உள்ளே அடுக்கடுக்காகக் குப்பிகள். அடியில் கெட்டியாக ஏதோ இருந்தது. அது என்னம்மா என்றேன். "ஜிகர்தண்டாவுல போடுற கடல்பாசிதான், கூட கொஞ்சம் சீனி, கொஞ்சம் சத்து" என்றார். அதில் விரல்நீளக் கன்றுகள், எல்லாம் ஒரே முகத்தோடு நின்றன.

குப்பியிலிருந்து எடுத்து நிழலில் தேற்றி வைத்திருந்த கன்றுகளை வண்டியில் ஏற்றும்போது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "குப்பியில வளர்க்கிறது பெருசில்லண்ணே. உங்க மண்ணுல, உங்க வெயில்ல பிழைச்சாத்தான் நான் இத்தனை வருசம் செஞ்சது வேலை. மழைக்காலம் முடிஞ்சு ஆபீசருங்க பாக்க வருவாங்க. பிழைச்சிருந்தா ஊருக்கெல்லாம் கன்னு கொடுக்கலாம். இல்லேன்னா இதை மூடிருவாங்க."

நட்டோம். தண்ணீர் அளவாக விடச் சொல்லியிருந்தார். ஆனால் கொடிக்காலில் ஈரம் காயவிடாமல் பார்த்துப் பழகிய கை பெரியப்பாவுக்கு. "குப்பியில வளந்த புள்ள, தாகம் தாங்காது" என்று தினமும் மடையைத் திறந்துவிட்டார். மேட்டுப்பக்கம் தண்ணீர் நிற்காது, தப்பித்தது. வாய்க்கால் பக்கம் பள்ளம். அங்கே நின்ற கன்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தன.

கொடிக்காலில் ஒரு கொடி செத்தால் நாம் என்ன செய்வோம்? உடனே அங்கே வேறு வைப்போம். வரிசையில் ஓட்டை விடுவது நமக்கு ஆகாது. பெரியப்பாவும் அதைத்தான் செய்தார். நர்சரியில் அதே உயரத்தில் விதைக்கன்று வாங்கிவந்து செத்த இடத்தையெல்லாம் நிரப்பினார். எனக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

டாக்டரம்மா ரெண்டு ஆபீசர்களோடு வந்தார். "பரவால்லையே மேடம், ஒண்ணுகூடச் சாகல!" என்றார் ஒருவர். டாக்டரம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். வரிசையோடு நடந்துகொண்டே வந்தவர் வாய்க்கால் பக்கம் வந்ததும் நின்றார். குத்தவைத்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த கன்றையும் பார்த்தார்.

"அண்ணே, இது என் கன்னா?"

"செத்ததுக்கெல்லாம் மாத்து வச்சுட்டேன் தாயி" என்றார் பெரியப்பா. பெருமையாகத்தான் சொன்னார்.

டாக்டரம்மா இலையை விட்டுவிட்டு எழுந்தார். பிறகு அந்த ஆபீசரே குரலைத் தாழ்த்தி, "இருக்கட்டும் மேடம், எல்லாம் நல்லா இருக்குன்னே எழுதிக்குவோம்" என்றார்.

"இல்ல சார். இந்தப் பக்கம் வச்சது எல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதுங்க."

அவர்கள் கிளம்பிப் போனபிறகும் டாக்டரம்மா போகவில்லை. மண்ணைக் கையால் தோண்டி, முகர்ந்து பார்த்தார். பெரியப்பாவுக்கு அப்போதுதான் என்ன நடந்தது என்று உறைத்தது. "வீட்டுக்கு வாரவுக முன்னாடி வரிசை பொக்கை வாயாட்டம் நிக்கக் கூடாதுன்னுதாம்மா..." என்று இழுத்தார்.

"எங்க செத்துச்சு, ஏன் செத்துச்சுன்னு அந்தப் பொக்கைதாண்ணே எனக்குச் சொல்லும். நீங்க அதை அடைச்சுட்டா நான் யார்கிட்ட போய்க் கேக்குறது?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பெரியப்பாவை அதிகமாகச் சுட்டது. தண்ணீர் விட்ட கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அந்த விதைக்கன்றுகளை எடுத்துவிடச் சொன்னார் டாக்டரம்மா. உயிருள்ளதைப் பிடுங்கிப் போட நமக்கு மனசு வராது. வேர் மண் உதிராமல் பெயர்த்து வாய்க்கால் கரையில் நட்டார் பெரியப்பா. நீங்கள் ஊஞ்சல் கட்டுகிற கோணல் தேக்கு அதில் ஒன்றுதான்.

அதன்பிறகு ஒரு பருவம் டாக்டரம்மாவின் வேலையை ஆபீசர்கள் நிறுத்திவைத்துவிட்டார்கள். ஆனாலும் அவர் அடிக்கடி இங்கே வந்து, பிழைத்ததையும் பொக்கையையும் மாறிமாறிப் பார்த்தார். அடுத்த கன்றுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குறைத்து வெயிலுக்குப் பழக்கின பிறகே வெளியே விட்டார். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் நடாதீர்கள் என்று கன்று வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். அந்தக் கன்றுகள் பிழைத்து நின்றன. சோழவந்தான் பஸ்ஸில் போகும்போது மேட்டுக்காடுகளில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி தேக்கு நிற்கிறதே, அதில் பலதும் அவர் குப்பியில் பிறந்ததுதான்.

போன தையில் டாக்டரம்மா வந்திருந்தபோது, "அண்ணே, இப்பத்தான் வாய்க்கால் ஆழமாயிருச்சே, தண்ணி நிக்காது. அங்க ஏதாவது வைங்களேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க தாயி" என்றார் பெரியப்பா. "அது உங்க இடம்."

அதனால் நீங்கள் அங்கே விளையாடலாம். குச்சியை மட்டும் ஊன்றிவைக்காதீர்கள். கன்று என்று நினைத்துக் கத்தப்போகிறார்.