அக்கா செய்த சோதனை

எனக்கு வேர்க்கடலை ஆகாது. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். கொஞ்சம் நாக்கில் பட்டாலே உதடு தடித்து, தொண்டை அடைத்துக்கொள்ளும். ரெட்டியார்பாளையத்தில் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். என் சாப்பாடு முழுக்க அவள் கையில்தான்.

அலர்ஜிக்கு நான் பார்க்கும் டாக்டர் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே வேறொரு செடியின் மரபணுவைச் சேர்த்துப் புதுக் காராமணி ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். அதில் உண்டாகும் புதுப் புரதம் வேர்க்கடலை ஆகாதவர்களுக்கும் ஆகாமல் போகுமா என்று பார்க்க எங்கள் ரத்தம் வேண்டுமாம். எதையும் சாப்பிட வேண்டாம், ரத்தம் மட்டும் போதும் என்றார்கள். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. அக்காவைக் கூட்டிப்போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் அவளே கேட்டாள்.

முடிவு சொல்லக் கூப்பிட்டபோதும் அவள்தான் பக்கத்தில் இருந்தாள். என் ரத்தம் அந்தப் புரதத்தைக் கண்டுகொள்ளவில்லை என்றார் ஆய்வுக்கூடத்து அம்மா. இது ஒரு படிதான், இன்னும் பல சோதனைகள் பாக்கி என்றார். வேர்க்கடலையை மட்டும் நான் எப்போதும்போல் தொடவே கூடாது என்றும் சொன்னார். அக்கா தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது, ரத்தம் நல்லாதான் இருக்குதாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வந்து இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். சட்னி வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. சீக்கிரமே உதடு அரித்தது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு அக்கா வாயைத் திறந்தாள்.

"கொஞ்சூண்டு மல்லாட்டைத்தூள்தான்டி போட்டேன். ரத்தத்துலயே ஒண்ணும் இல்லன்னாங்க. சொல்லிட்டுப் போட்டா பயத்துலயே உனக்கு வந்துரும். அதான் சொல்லல."

"அது அந்தக் காராமணிக்குச் சொன்னது, அக்கா."

"எனக்கும் காது கேட்டுச்சு. நீ சும்மா பயந்துகினு கெடக்குறியோன்னு பாத்தேன்."

ஆய்வுக்கூடத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தார்கள்.

இப்போது சின்ன அடுப்பு வாங்கி என் அறையிலேயே சமைக்கிறேன். போன வாரம் அக்கா மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. அவளே ஒரு வாய் பிசைந்து என் முன்னால் சாப்பிட்டாள்.

"பாரு, ஒண்ணுமில்ல" என்றாள்.

மல்லாட்டை அவளை ஒன்றும் செய்யாது. அது அவளுக்கும் தெரியும். நான் தட்டை மூடிவைத்தேன்.