குளிர்ந்தால் செத்துப்போகும்

எதிர்வீட்டு மருமகளுக்குத் தெருவே வைத்த பெயர் சல்லடை. ஆய்வகத்தில் அமிலம் தெறித்துத் தெறித்து, அவளுடைய வெள்ளைக் கோட்டில் துணியைவிட ஓட்டைகள்தான் அதிகம். எதிர்க்காற்றில் அவள் குனியவே மாட்டாள். காற்று அவளுக்குள் புகுந்து பின்பக்கமாகப் போய்விடும்.

எலுமிச்சைச் சாறுபோல் புளித்து, கையை விட்டால் வெந்துவிடும் ஊற்றுநீரில் சுகமாக வாழும் நுண்ணுயிர்கள்தான் அவளுக்கு உலகம். அந்த நீரைக் குடுவையில் ஊற்றி, சூடு குறையாத இயந்திரத்தில் வைத்திருந்தாள். நீர் கலங்கினால் அவை பெருகுகின்றன என்று பொருள். வாரக்கணக்காகியும் கலங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

"குளிக்க வெந்நீர் போட்டிருக்கீங்களாம்மா? மெஷினை நிறுத்தியாச்சு. இதைக் கொட்டிட்டு, திங்கக்கிழமையிலேர்ந்து பால்ல வர்ற கிருமியைப் பாருங்க."

"கொட்டுறதுக்கு வேற ஆளைப் பாருங்க சார்" என்றாள்.

மற்ற கிருமிகள் சூட்டில் சாகும். இவை ஆறினால் சாகும். வெந்நீர் நிரப்பிய தூக்குக்குள் குடுவையை இறக்கி, துண்டைச் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

மாமியார் வந்து நின்றாள். "என்னடி சமைக்கிற?"

"சமைக்கல அத்தே. வளர்க்கிறேன்."

"கொதிக்கிற தண்ணியிலயா? யாராவது அப்படி வளர்ப்பாங்களா?"

"ஏன், இந்த வீட்டுல நான் வளரலையா?"

மாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், அந்த நிமிடமே கட்சி மாறிவிட்டாள்.

சனி, ஞாயிறு அந்த வீட்டில் உலை ஏறவில்லை. மருமகள் கண்ணயர்ந்த வேளையில் மாமியார்தான் காவல். டீ போடலாமென்று மகன் அடுப்பை நெருங்கினான்.

"கையை வச்சுப் பாரு. குளிர்ல செத்துடும்டா அதுங்க."

அடுப்பில் இருப்பது அடிப்பிடிக்குமே என்ற பழக்கத்தில், மாமியார் குடுவையைத் துணியால் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். விழித்துப் பார்த்தபோதுதான் சல்லடைக்கு உறைத்தது: ஆய்வகத்தில் அசையாமல் கிடந்த நீருக்குக் காற்றே போகவில்லை. இருவரும் முறைவைத்துக் குலுக்கினார்கள்.

திங்கட்கிழமை குடுவை கழுநீர்போல் கலங்கியிருந்தது. மறுபடி வெந்நீர்த் தூக்கில் இறக்கி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள்.

"அடுப்படியில ஏதோ கிருமி விழுந்திருக்கு" என்றார் பேராசிரியர்.

"இந்தச் சூட்டுலயும் புளிப்புலயும் பெருகுற கிருமி என் அடுப்படியிலேயே இருந்தா, ஊற்றுக்கு எதுக்கு சார் மலையேறிப் போனேன்?"

அவர் கையை நீட்டினார். "குடுங்க, மைக்ராஸ்கோப்புல பார்த்துடலாம்."

சல்லடை தூக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல மெஷினைப் போடுங்க சார். இதுங்களுக்குக் குளிருது."

பேராசிரியர் குனிந்து சுவிட்சைத் தேடினார்.